ரத்தம் நிறைய உள்ள பிள்ளை

எர்லிந்தா அந்த மலைச்சரிவில் ஏறுவது இது மூன்றாவது முறை. முதல் முறை நார்சிசாவின் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் முறை, நாற்பது நாள் கழியாமல் பிள்ளையைக் காட்ட மாட்டோம் என்று நாயை அவிழ்த்து விட்டார்கள். யானரூமி கிராமத்தில் பத்து வருஷமாகப் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றின் குதிகாலிலும் ஊசி குத்திய நர்ஸ் அவள். திட்டும் கடியும் வாங்கிப் பழகியவள்.

நார்சிசாவின் பிள்ளைக்கு நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலைநகர் கீத்தோவிலிருந்து போன் வந்திருந்தது. தைராய்டு சுரக்கவில்லை போலிருக்கிறது; உறுதிப்படுத்த இன்னொரு தரம் ரத்தம் எடு, எடுத்த கையோடு மாத்திரையைத் தொடங்கு, தள்ளிப்போனால் மூளை வளராது. பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

இம்முறை நார்சிசாவே கதவைத் திறந்து, துணியில் இறுகச் சுற்றிய பிள்ளையை நீட்டினாள். "எடுத்துக்குங்கக்கா."

எர்லிந்தா துணியை விலக்கினாள். கொழுகொழுவென்று இருந்தது. அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

"ஏண்டி, பன்னெண்டு நாள் பிள்ளை மூஞ்சியப் பாத்துச் சிரிக்குமா? யாரு பெத்தது இது?"

அடுப்படியிலிருந்து நார்சிசாவின் நாத்தனார் ரொசால்வா பதில் சொன்னாள். "என்னோடதுதான்க்கா. இவனுக்கு ரத்தம் நெறைய இருக்கு. அவன்கிட்ட ஏற்கெனவே எடுத்துட்டீங்க. போன ரத்தம் திரும்பவா போகுது? ஒரே வீட்டு ரத்தந்தானே!"

"ஆமா, நான் சூப்பு வைக்கப் போறேன் பாரு, எந்த ரத்தமா இருந்தா என்ன! இவனுக்கு எல்லாம் நல்லாருக்குன்னு சீட்டு வரும். அவன் மருந்தில்லாம கெடப்பான்."

"அவன் ரொம்பச் சமத்துக்கா," என்றாள் நார்சிசா. "அழறதே இல்ல. பாலுக்குக்கூட நான்தான் எழுப்பணும்."

"அதாண்டி வியாதியே!"

நார்சிசாவின் முகம் மாறியது. உள்ளே போய்த் தன் பிள்ளையைத் தூக்கி வந்தாள். மஞ்சள் பூத்த முகம். ஊசி ஏறியபோது கரகரவென்று அரைக்குரலில் முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனது. எர்லிந்தா மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்து, கரண்டியால் புகட்டிக் காட்டினாள். "தினம் காலையில. ஒரு நாள் விடக்கூடாது."

நோய் அதுதான் என்று சீட்டும் வந்தது.

ஐந்தாம் மாதம் நார்சிசா தானே பிள்ளையோடு இறங்கி வந்தாள். "உங்க மாத்திரையால வந்த வினைக்கா. ஒரே கத்தல். கீழ விட்டா வீடு இடியுது. ஏதாச்சும் பண்ணுங்க."

பிள்ளை எர்லிந்தாவின் பாசிமாலையை அறுக்கும் மும்முரத்தில் இருந்தது.

"கத்தட்டும்," என்றாள் அவள், மாலையை விடுவிக்கப் பார்த்தபடி. "மாத்திரைய மட்டும் நிறுத்திப் பாரு. இந்தத் தரம் நாயை நான் அவுத்து விடுவேன்."