மகளைத் தூக்காதவர்

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் நான் கவுன்சலர். என் அறைக்கு வரும் ஆண்களில் பலர், உள்ளே இருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். முக்கூடல்காரர் முருகேசனும் அப்படித்தான் நின்றார். பெயரை மாற்றியிருக்கிறேன். துபாயில் லாரி ஓட்டுகிறவர், நான்கு மாத லீவில் வந்திருந்தார்.

"ஆம்பள சார் யாரும் இல்லியா?"

"நான் மட்டுந்தான். உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தார். "கூட வேல பாக்குத ஒருத்தனுக்குக் கேக்கணும்" என்றார். அந்த நண்பன் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு மசாஜ் சென்டருக்குப் போனானாம். அங்கே ஒரு பெண் கையால்... பாதியில் நிறுத்திவிட்டு, "நான்தான் மேடம்" என்றார், தரையைப் பார்த்தபடியே.

எங்கள் வேலையில் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். வாய் பட்டதா? உறுப்போடு உறுப்பு உரசியதா? பிறகு கொப்புளம், எரிச்சல் ஏதாவது வந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையசைத்தார். பிறகு, தானாகவே ஒரு தனியார் லேபில் ஹெர்ப்பிஸ் என்ற கொப்புள நோய்க்கு ரத்தம் கொடுத்து வாங்கியிருந்த ரிப்போர்ட்டை நீட்டினார். அதில் டைப் ஒன்று பெரும்பாலும் உதட்டில் வருவது, டைப் இரண்டு பிறப்புறுப்பில் வருவது. டைப் ஒன்று பாசிட்டிவ். டைப் இரண்டு நெகட்டிவ்.

"ஆயுசுக்கும் போவாதாம்லா. நெட்ல போட்டிருக்கான்."

"காய்ச்சல் வந்தா ஒங்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமா?"

"சின்னப் பிள்ளையிலருந்தே வரும்."

"அநேகமா அதைத்தான் இந்த டைப் ஒன்னு காட்டுது. நெறய பேருக்கு இருக்கும். கிருமி எப்பமோ உள்ள வந்திருக்குன்னு ரத்தம் சொல்லும், எங்க வச்சு வந்துச்சுன்னு சொல்லாது. கை பட்டதுல வாரதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா தோல்லருந்து தோலுக்குப் பரவுத நோய், வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். நடந்து மூணு மாசம் ஆனபொறவு டைப் ரெண்ட இன்னொரு தடவ பாத்துருவோம். நடுவுல கொப்புளம் வந்தா ஒடனே வாங்க. அதுலருந்தே சாம்பிள் எடுக்கலாம்."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததிலிருந்து தனித் தட்டில் சாப்பிட்டு, மொட்டைமாடியில் படுத்திருக்கிறாராம். மனைவியை நெருங்கவில்லை. ஓடிவந்த மகளைக்கூடத் தூக்கவில்லை.

"பிள்ளயத் தூக்குததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. உதட்டுல புண்ணு இருக்கப்ப முத்தம் குடுக்காதிய, அவ்வளவுதான்."

"பொண்டாட்டி வெளிய இருக்கா. எனக்கு வயித்துவலின்னு சொல்லிக் கூட்டியாந்தேன்."

"நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன். சொல்லுததா இருந்தா நீங்கதான் சொல்லணும்."

மறுபரிசோதனை வரை ஆணுறை பயன்படுத்தச் சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

மூன்று மாதக் கணக்கு முடிந்ததும், லீவு முடிவதற்குள் மறுபரிசோதனைக்கு மனைவி, மகளோடு மறுபடி வந்தார். டைப் இரண்டு நெகட்டிவ். டாக்டரைப் பார்க்க அவர் போனதும் மனைவி என்னிடம் பேசினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டாரு மேடம். கோவம் இன்னும் போவல, அது எங்களுக்குள்ள. ஆனா இவ, அப்பாவுக்கு என்னையப் பிடிக்கலியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

முருகேசன் திரும்பி வந்து மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

யாரைத் தொட்டீர்கள் என்று கேட்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது, வீட்டில் யாரைத் தொடாமல் இருக்கிறீர்கள் என்றும் கேட்கிறேன். முதல் கேள்விக்கு எப்படியோ பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதற்குத்தான் தலை கவிழ்ந்துவிடுகிறது.