குடை, சாவி, நான்

அந்த முழுப் பரீட்சை லீவில் எங்கள் வீட்டில் தினமும் கைமாறியவை மூன்று: குடை, வீட்டுச் சாவி, நான்.

அப்பாவும் அம்மாவும் கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள். வேறு வேறு கம்பெனி. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா காலை ஷிப்டும் அப்பா மதிய ஷிப்டுமாகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இருவரின் கம்பெனி பஸ்ஸும் நிற்பது ஏரிக்கு அக்கரையில், மெயின் ரோட்டில். வீடு இக்கரையில். ஆகவே, காலை நடைக்காரர்களுக்காகக் கல் பதித்த ஏரிக்கரைப் பாதையில், ஒருவரும் நடக்காத உச்சி வெயிலில், நானும் அப்பாவும் ஒரே குடைக்குள் நடப்போம்.

வழியில் பார்ப்பவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அது மாறக் கூடாது என்பது என் சட்டம். முதலில் மதகு. பிறகு ஆமை, அது இல்லாவிட்டால் அது உட்காரும் கல். பிறகு இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும் நீர்க்காகம். "துணி காயப்போடுது பாரு" என்பார் அப்பா.

பாதை ஏரியை முழுதாகச் சுற்றியது. நாங்கள் நடந்தது குட்டையான பாதியில் மட்டும். நீண்ட பாதியில் ஒரு மரம் நிறைய வெள்ளை வெள்ளையாக ஏதோ இருக்கும். கொக்கு என்பேன் நான். பிளாஸ்டிக் பை என்பார் அப்பா.

"மூணு பேருமா ஒரு நாளு போயி பாத்துரலாம்."

"எப்பப்பா?"

"லீவு ஒத்து வரட்டும் கண்ணு."

ஒத்து வராது. அப்பாவுக்கு ஞாயிறு, அன்று என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு, எங்கள் நிலத்தில் காட்டு வேலை பார்க்கப் போய்விடுவார். அம்மாவுக்குப் புதன், வாரத்துத் துணி மொத்தமும் காத்திருக்கும். எனக்கோ அந்த லீவில் வேறு ஆசையே இல்லை.

ஷிப்ட் மாறும்போது மெஷினை ஒப்படைப்பார்களே, அப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மாவிடம் அப்பா என்னை ஒப்படைப்பார்.

"சோறு தின்னாச்சு. பல்லு ஒண்ணு ஆடுது. காலையில தும்மல்."

"வேற என்னா ரிப்பேரு?"

"வாய்தான். நிக்கவே மாட்டேங்குது."

அம்மா சிரித்துக்கொண்டே குடையையும் சாவியையும் வாங்குவாள். அதற்குள் அப்பாவின் பஸ் வந்துவிடும்.

ஒரு நாள் வந்த அப்பாவின் பஸ் யாரையும் ஏற்றவில்லை. உள்ளே, பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட காலை ஷிப்ட் ஆட்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "இவத்து லைன் இல்லண்ணா. மெட்டீரியல் பந்தில்ல. வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது கடைசி வார்த்தைகள்தான். அதுவே போதுமாக இருந்தது. சாமான் வராமல் இன்றைக்கு மெஷின் லைன் நின்றுவிட்டது என்று அப்பா அம்மாவுக்குச் சொன்னார்.

"நாளைக்கு?" என்றாள் அம்மா.

"தெரியல. சொல்றோம்னாங்களாம்."

"அந்தப் பக்கமா போலாம்" என்று நான் இருவர் கையிலும் தொங்கினேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அப்பாதான், "வா, பாப்பா எத்தினி நாளா கேக்கறா" என்றார்.

போனோம். மரத்தில் இருந்தவை பாதி கொக்கு, பாதி பை. இருவருமே ஜெயித்தோம்.

நான் முன்னால் ஓடினேன். ஒப்படைக்க ஒன்றும் இல்லாததால் என்ன பேசுவதென்று தெரியாதவர்களைப் போல அவர்கள் சும்மா வந்தார்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் குடை எங்கோ பின்னால் இருந்தது. அதற்குக் கீழே நான்கு கால்கள், ஆமை வேகத்தில். வெயிலில் இப்படியா நடப்பார்கள் என்று எனக்கு எரிச்சல்.

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னொரு சுத்து போலாமாங்க?"

"மண்ட காயுது."

"கொடதான் இருக்குதே."

இன்னொரு சுற்றும் போனோம்.

அப்புறம் அந்த வாய்ப்பு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து அந்த லைனையே மூடினார்கள். அப்பா ஸ்ரீபெரும்புதூர் போனார். மாதம் ஒரு முறை வருவார். வந்த நாளில் பாதி தூக்கம், மீதி வீட்டு வேலை. ஏரிக்கு முறை வரவேயில்லை.

இப்போது நான் இதே ஓசூரில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். லைன் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நின்றால் சிவப்பு விளக்கு எரியும், எல்லோரும் ஓடுவோம். ஓடும்போதே எனக்குள் ஒருத்தி, குடைக்கு முன்னால் ஓடியவள், சந்தோஷப்படுகிறாள். லைன் நிற்பது கெட்ட செய்தி என்று அவளுக்கு இன்னும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

அந்தச் சுற்றுக்கு மறுநாள் பஸ் வழக்கம்போல வந்தது. படியில் கால் வைத்த அப்பாவிடம் சத்தமாகக் கேட்டேன்: "அப்பா, லைன் மறுபடியும் எப்ப நிக்கும்?"

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்பா மட்டும் சிரித்தார். சிரித்தவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். நல்ல விஷயத்தைத்தானே கேட்டேன், இதற்கு ஏன் வாயைப் பொத்த வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும், அந்த வெயிலில், கையிலிருந்த குடையை விரிக்காமல் அம்மா ஏன் அங்கேயே நின்றாள் என்பதும்தான்.