காய்ந்த கட்டு

"மிஸ்ஸி, நேத்துல இருந்து ஒரு சொட்டு சீ இல்ல. கட்டு காஞ்சே கெடக்கு!" என்று கால் புண்ணோடு கிடந்த கணவருக்குத் துணையிருந்த அக்கா ஒருவர் சிரித்த முகத்தோடு ஓடிவந்து சொன்ன காலைப்பொழுது இன்னும் எனக்கு மறக்கவில்லை. கண்டியில் ஒரு எலும்பு வார்ட்டில் தாதியாக இருக்கும் எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. எலும்புக்குள் கிருமி குடியிருக்கும்போது புண்ணின் வாய் மட்டும் மூடிக்கொண்டால், சீழ் உள்ளே தேங்குகிறது என்று பொருள். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? டொக்டரிடம் சொல்ல ஓடினேன். மாலையில் அவருடைய கணவருக்குக் காய்ச்சல் கொதித்தது.

அந்த அண்ணன் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். லொறி புரண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணில் குத்தியிருந்தது. அதிலிருந்து வருஷக்கணக்காக வருவதும் போவதும்தான். செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பார்கள், வாரக்கணக்கில் ஊசிமருந்து ஏற்றுவோம், ஆறிவிட்டதென்று அனுப்புவோம். அடுத்த மழைக்குள் திரும்பி வந்து நிற்பார். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், சீனி வியாதியில் கால் புண்ணானவர்கள் என்று இப்படித் திரும்பி வருகிறவர்கள் எங்கள் வார்ட்டில் நிறையப் பேர். சில நாட்களில் அந்த முகங்களைப் பார்க்கவே எனக்கு அலுத்துப்போகும். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இந்த முறை காலை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"எடுத்துறச் சொல்லுங்க மிஸ்ஸி. இனி ஏலாது. இவ மனசு ஒடஞ்சிரும்னுதான் இத்தன வருஷமா இந்தக் கால வச்சிக்கிட்டு கெடந்தேன்."

அக்கா அவரையே பார்த்தார். "எனக்காகவா? நீங்க மறுபடி லொறி ஓட்டணும்னு ஆசப்படுறீங்கன்னுல்ல நான் தெனமும் இந்தக் காலு தங்கணும்னு சாமிகிட்ட அழுதேன்!"

நான் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அழுகை வந்தது.

போன மாதம் பொய்க்கால் பொருத்த இருவரும் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். பஸ்ஸில் குடையை மறந்து வந்தது யார் என்று, அத்தனை பேர் முன்னிலையில், சத்தம் போட்டுச் சண்டை. அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கடிந்து ஒரு சொல் பேசி நான் கேட்டதே இல்லை.