பொன்னாடைக்காக வெட்டிய மூன்றாவது அங்கம்

சிறப்பு விருந்தினர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அழைப்பிதழில் அவர் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நான்கு மாதம் ஒத்திகை பார்த்தவர்களின் பெயர்கள் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் இருக்கும்.

நாங்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. நான் லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். நாடகத்தில் பிரபுவாக நடித்தவர் பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருப்பவர். இயக்கியவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, எல்லோருக்கும் அவர் முசேதான். முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு பிரெஞ்சு நகைச்சுவை நாடகத்தை அவரே தமிழில் எழுதியிருந்தார். பிரபு தன் மகளைச் சொத்துக்காரக் கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்கத் துடிக்கிறார். இரண்டு அங்கம் முழுக்க அவர் கைதான் ஓங்கியிருக்கும். மூன்றாவதில் வீட்டு வேலைக்காரி வாயைத் திறப்பாள், எல்லாம் தலைகீழாகும். அந்த வேலைக்காரி நான். அதற்கு முன்னால் எனக்கு ஒரு விளக்குமாறும் நாலு வரி வசனமும்தான்.

அந்த மூன்றாவது அங்கத்தைக் காட்டத்தான் பக்கத்து வீட்டுக்காரரை வற்புறுத்தி வரவழைத்தேன். முதலியார்பேட்டையில் எங்களோடு ஒட்டுச்சுவர், ஏசி மெக்கானிக். என்னை அக்கா என்பார், நல்ல மனிதர். ஆனால் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகளுக்கு பிரான்ஸ் மாப்பிள்ளை ஒருவரைப் பேசிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் வயசையும் கேட்கமாட்டார்கள், வழுக்கையையும் பார்க்கமாட்டார்கள். அந்தப் பெண் அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. என்னிடம் வந்து, "படிப்ப முடிச்சிக்கிறேன் அத்த, அதுக்குள்ள என்னா அவசரம்?" என்று அழுதாள். அவள் சார்பில் நான் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்தாலாவது உறைக்கும் என்று நம்பினேன். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு நாடகம். விருந்தினருக்காக ஆறு மணி வரை காத்திருந்துவிட்டு, துணிந்து ஆரம்பித்தோம். எட்டு மணிக்கு ஹாலை விட்டுவிட வேண்டும். அடுத்து ஒரு கல்யாண வரவேற்பு. கூட்டம் நன்றாகவே சிரித்தது. மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரிப்பதைத் திரை ஓரமாக நின்று பார்த்தேன். சிரி தம்பி சிரி, உன் முறை வருது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது அங்கத்தின் முடிவில் பிரபு மகளை அறையில் வைத்துப் பூட்டுவார். அந்த நேரம் பார்த்து ஹால் விளக்குகள் எல்லாம் எரிந்தன. வாசலில் விருந்தினரோடு ஐந்தாறு வெள்ளை வேட்டிகள். மைக்கில் வரவேற்புரையே ஆரம்பித்துவிட்டார்கள். வெங்காயக் கடைக்காரர் பாதி வசனத்தை விழுங்கிவிட்டு, டோப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

முசே என்னிடம் ஓடிவந்தார். "பொன்னாடைத் தட்ட நீங்க புடிங்கம்மா. வேலைக்காரி டிரெஸ்லயே இருக்கீங்க, பொருத்தமா இருக்கும்."

"மூணாவது அங்கம், முசே?"

"இருக்கு, இருக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க."

அஞ்சு நிமிஷமாம். விருந்தினருக்கு ஒரு பொன்னாடை, கூட வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று, ஹால்காரருக்கு ஒன்று, மைக்செட்காரருக்கு ஒன்று. தெருவில் போனவர் எட்டிப் பார்த்திருந்தால் அவருக்கும் போர்த்தியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். நானும் பார்த்தேன், பல்லைக் காட்டினேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. தட்டைப் பொத்தென்று வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டாமா?

பிறகு விருந்தினர் பேசினார். நாடகத்தில் அவர் பார்த்தது பெண்ணைப் பூட்டிய இடம் மட்டும். "பெத்தவங்க பேச்சக் கேட்டு நடக்கணும்ங்கிற நல்ல கருத்த இந்த நாடகம் அழகா சொல்லுது. பொம்பளப் பிள்ளைங்கள இப்படித்தான் கட்டுப்பாட்டோட வளக்கணும்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் இழுத்தார். கைதட்டல் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மகள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தரையைப் பார்த்தாள். நாடகத்தை நிறுத்தினால் நிறுத்திவிட்டுப் போங்கள், அது சொல்லாததை ஏன் அதன் வாயில் திணிக்கிறீர்கள்? தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

அவர் உட்கார்ந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். அது ஒலித்த பிறகு நம் ஊரில் எவர் உட்கார்ந்திருப்பார்கள்? நின்றார்கள், கலைந்தார்கள். முசே தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த தடவ முழுசா போட்டுடலாம்மா" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த தடவை கிடையாது என்று அவருக்கு எங்கே தெரியும்?

மேக்கப்பைக் கலைக்காமல் வெளியே ஓடினேன். அப்பாவும் மகளும் வண்டியில் ஏறியிருந்தார்கள்.

"நல்ல நாடகம்க்கா. பெரிய மனுஷனே சொல்லிட்டாரு பாரு, கேட்டுக்கன்னு இவகிட்ட சொன்னேன்" என்றார் அவர்.

"நாடகம் முடியலப்பா."

"என்னாக்கா சொல்ற? நாட்டுப்பண்ணே போட்டுட்டாங்க."

"இன்னும் ஒரு அங்கம் பாக்கி. வண்டிய நிறுத்து."

நிறுத்தினார். வரவேற்புக்கு வந்த பட்டுப்புடவைக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் இடுப்பில் கையை ஊன்றி, மேடையில் நிற்க வேண்டிய மாதிரியே நின்று, முதல் வரியைச் சொன்னேன்.

"ஐயா, மாப்பிள்ளை உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தால், தாலிக்கு நீங்களே கழுத்தை நீட்டிவிடுங்களேன்."

அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நாடகத்துல வர்றதா, நீயா சொல்றியாக்கா?"

"நாடகத்துல வர்றதுதான். வேலைக்காரி முந்நூறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கா."

மகள் பின்சீட்டிலிருந்து இறங்கினாள். "பூட்டி வச்ச அந்தப் பொண்ணு என்னா சொல்றா அத்த?"

நான் விழித்தேன். நான்கு மாத ஒத்திகையில் எனக்கு உறைக்காத விஷயம். மூன்றாவது அங்கத்தில் அந்தப் பெண்ணுக்கு வசனமே கிடையாது. எல்லாம் நான் பேசுவதுதான். அவள் வெட்கப்பட்டுத் தலைகுனிவதோடு சரி. அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப நானே சொல்லிக்கிறேன்" என்று அப்பா பக்கம் திரும்பினாள்.