கரி என்று நினைத்த கறுப்பு

காலை ஆறு இருபதுக்கு என் எட்டு வயது மகள் பிரியா எழுந்து வந்து, "அம்மா, வாய் தொறக்க பற்றல" என்றாள். வலது தாடை கழுத்துவரை வீங்கியிருந்தது. வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ முடியவில்லை.

ஒன்றரை வருடம் முன்பு, புதிதாக முளைத்த கடைவாய்ப்பல்லில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. "குழி விழல்ல. ஃப்ளோரைடு பூசினா மாறும்" என்றார் பல் டாக்டர். ஃப்ளோரைடு விஷம் என்று எங்கோ படித்திருந்த நான் திரும்பப் போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் உமிக்கரி வாங்கி, வேப்பிலைப் பொடியும் உப்பும் சேர்த்துத் தினமும் நானே தேய்த்துவிட்டேன். "பல்லா இது, அடுப்பா?" என்று என் கணவர் கேலி செய்தார். திட்டு கறுத்தபோது, கரி ஒட்டியிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலித்தபோது கிராம்புத் தைலம் வைத்தேன். வலி நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பினேன்.

இப்போது வீட்டில் ஃப்ளோரைடு பேஸ்ட்தான். பல்லில் நிறம் மாறினால் அன்றே டாக்டரிடம் போய்விடுகிறேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் பிரியாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம் கழித்துத்தான் மலையாளி சர்ஜன் வெளியே வந்தார். "மோளுக்கு இனி பயமில்ல. சீழ் மூச்சை அடைக்கப் பார்த்தது" என்று சொல்லி, பஞ்சில் சுற்றிய பல்லை நீட்டினார். இனி முளைக்காத பல் அது. அதை வாங்கிப் பார்த்து, "இந்தக் கறுப்பு, கரி ஒட்டினதுதானே சார்?" என்றேன்.

"கரியாணெங்கில் கழுவினா போகும்மா. கழுவிப் பாருங்க" என்றார்.