ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

அவளுக்கு நடைவண்டி என்று பெயர் வைத்தவள் நான்தான். எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டி மடிக்கும் மிஷின்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளைச் செய்கிறது. போர்டு என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதிலுள்ள சிப்புக்குள் புரோகிராமை ஏற்றினால்தான் அதற்கு உயிர். ஏற்றுவது அவள் வேலை. ஏற்றிய போர்டைக் கட்டி அனுப்புவது என் வேலை. ஆகவே என் வாழ்நாளில் பாதி அவளுக்காகக் காத்திருந்தே போயிற்று. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

முன்பெல்லாம் புரோகிராம் ஏற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைப் போர்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் நெட்வொர்க் கேபிள் வந்தது. பெயர்தான் கேபிள். பார்த்தால் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் ஆபீஸ் நெட்வொர்க் வயர், மறுபக்கத்தில் பத்துக் கம்பி உள்ள தட்டை வயர். தட்டை வயரைப் போர்டில் செருகிவிட்டால் போதும். மாடியில் தன் நாற்காலியில் இருந்தபடியே, கீழே ஹாலில் மிஷினுக்குள் இருக்கும் போர்டுக்குப் புரோகிராமை ஏற்றிவிடலாம்.

நடையை மிச்சம் பிடிக்க வாங்கிய சாமான் அது. இவளோ ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்தும் முன் படியிறங்கிப் போவாள். பெட்டியில் விளக்கு மினுக்குகிறதா, மிஷின் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பாள். மேலே வந்து போன் போட்டு இன்னொரு தடவை கேட்பாள். அதன் பிறகே அழுத்துவாள். திரையில் பச்சைக் கோடு நூறு சதவீதத்தைத் தொடுகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு படி. கோபத்தில் நானே எண்ணியிருக்கிறேன்.

"உனக்கு எதுக்குடி அந்தப் பெட்டி? நாலு ஆட்டை வாங்கி மேய்க்கலாம். நடந்த மாதிரியும் இருக்கும், பால் கறந்த மாதிரியும் இருக்கும்" என்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

வீட்டிலும் அப்படித்தானாம். அவள் புருஷன் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "மிக்சி போடறதுக்கு முன்னாடி 'கையை எடுங்க, கையை எடுங்க'ன்னு சத்தம் போடறா. சமையலறையில பார்த்தா அவளைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது." தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்கு முன் மாடிக்கு ஒரு தடவை, வாசலுக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பாளாம். "யாரைத் தேடறான்னே தெரியலை" என்றார். மனிதர் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

ஒரு தடவை நானே பயந்துபோனேன். அவள் கம்ப்யூட்டரில், கம்பெனியில் இணைத்திருக்கும் பெட்டிகளின் பட்டியல் திறந்திருந்தது. அதில் ஒரு பெயரை விரலால் தொட்டாள். "இது ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஹால்ல இருந்த பழைய பெட்டி. நானே பிடுங்கி அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். பட்டியல்ல இருந்தும் எடுத்துட்டேன். திரும்பத் திரும்ப வந்து நிக்குது, பாரு." எங்கேயோ அழியாத பழைய பதிவாக இருக்கும் என்று எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? ஆனால் யாரோ ஆள் வந்து நிற்பது போல அவள் சொன்னாள்.

போன மாதம் புதிய ஹால் கட்டி முடித்தார்கள். மூன்று புதிய நெட்வொர்க் பெட்டிகள் வந்தன. அவற்றை அமைத்து, எப்படி அமைப்பது என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். அவள் எழுதிய முதல் வரி இது: "ஒரு பெட்டியை மட்டும் இணைக்கவும். அதன் நெட்வொர்க் எண்ணை மாற்றி, பெட்டியின் மேலும் எழுதவும். அதுவரை அடுத்த பெட்டியைத் தொடக் கூடாது." மேனேஜர் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பென்சிலால் "இது தேவையா?" என்று கிறுக்கி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை எனக்கு அனுப்புவதற்குச் சரக்கு இல்லை. உதவிக்குப் போனேன். ஹால் காலியாகக் கிடந்தது. மிஷின்கள்கூட இன்னும் வரவில்லை. புது பெயிண்ட் வாசனையும், சுவரோரம் ஒரு மேசையும், வயர்கள் வந்து சேரும் ஒரு ஸ்விட்ச் பெட்டியும்தான். அவள் முதல் பெட்டியைச் செருகினாள். கம்ப்யூட்டர் திரையில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எண்ணை மாற்றினாள். பெட்டியின் விளக்கு அணைந்து மறுபடி எரிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும் என்று காத்திருந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மீதி இரண்டையும் பிரித்து நானே ஸ்விட்சில் செருகிவிட்டேன். மூன்றிலும் விளக்கு மினுக்கியது. "பாரு, வேலை முடிஞ்சுது" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பேயறைந்தது போல் ஆனாள்.

"கையை எடு! எல்லாரும் கையை எடுங்க!"

ஹாலில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவள் பாய்ந்து வந்து ஸ்விட்சிலிருந்த வயர்களை எல்லாம் பிடுங்கினாள். எங்கள் வயர், ஆபீஸ் வயர் என்ற பேதமில்லை. மாடியில் பத்துப் பேர் "நெட் போச்சு, நெட் போச்சு" என்று கத்துவது கேட்டது. அவள் வயர்களைக் கொத்தாகப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தோளைப் பிடித்தேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"சாவகாசம் அண்ணன் கை... அது நான் பண்ணினது" என்றாள்.

சாவகாசம் அண்ணன் எங்கள் பழைய ஹாலில் மிஷின் ஓட்டியவர். எதைக் கேட்டாலும் "சாவகாசமா செய்யலாம்மா" என்பார். அதனால் அந்தப் பெயர். ஆறு வருஷத்துக்கு முன், மடிப்பு மிஷினில் சிக்கிய அட்டையை எடுக்கக் கையை விட்டபோது மிஷின் அழுத்திவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கையை விடும் முன் 'நிறுத்தம்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் மிஷின் அசையாது. "அழுத்தினேன், மிஷின் திரையில சிவப்பு எழுத்தும் வந்துச்சு" என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். போர்டின் நினைவில் அப்படி ஒரு பதிவே இல்லை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அவர் வேலையை விட்டுப் போனார். "வருஷமெல்லாம் சாவகாசம், அன்னைக்கு மட்டும் அவசரம்" என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருத்தி. அதை இப்போது எழுதுகையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நடைவண்டி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தொழிற்சாலையில இருந்து வரும்போது எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்தான். ஹால்ல இருந்த முதல் பெட்டிக்கு யாரும் எண்ணை மாத்தலை. ஒண்ணே ஒண்ணுதானேன்னு விட்டுட்டோம். அன்னைக்கு ரெண்டாவது பெட்டி வந்துச்சு. என் மேசையில செருகினேன். எண்ணை மாத்தணும்னு தோணவே இல்லை. மேசையில இருந்த போர்டுக்குப் புரோகிராம் ஏத்தினேன். நூறு சதவீதம்னு வந்துச்சு. ஆனா என் போர்டுல விளக்கு எரியலை. சனியன்னு திட்டிக்கிட்டே ரெண்டாவது தடவை அழுத்தப் போனேன். அப்பத்தான் கீழே சத்தம் கேட்டுச்சு."

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் எதில் கடிதத்தைப் போடுவார்? அவள் அனுப்பியது மேசைப் பெட்டிக்குப் போகாமல் ஹால் பெட்டிக்குப் போய்விட்டது. மிஷினுக்குள் இருந்த போர்டில் புதுப் புரோகிராம் ஏறியது. புதிதாகப் பிறந்த போர்டுக்கு முன்னால் நடந்தது எதுவும் ஞாபகமிருக்காது. அண்ணன் அழுத்திய நிறுத்தமும் அழிந்தது, அதன் பதிவும் அழிந்தது. எழுந்ததும் மிஷின் தன் மடிப்புக் கையை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்க்கும். அதுதான் அதன் வழக்கம்.

"சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பெட்டியிலயும் ஒரே எண். என் பெட்டி எண்ணை மட்டும் மாத்தி வச்சுட்டேன். நாலு நாள் கழிச்சு விசாரணையில கேட்டாங்க, அன்னைக்கு ஏதாவது ஏத்தினீங்களான்னு. என் மேசை போர்டுக்கு மட்டும்தான்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானா? "ஆறு வருஷமா எப்படிடி சோறு இறங்கிச்சு?" என்றேன்.

"இறங்கலை" என்றாள்.

அந்த இருபத்திரண்டு படி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் இறங்கிப் போய் அந்த மனிதர் அங்கே நிற்கிறாரா என்று பார்த்திருக்கிறாள். ஆறு வருஷமும் அவர் அங்கே நின்றிருக்கிறார்.

"சொன்னா வேலை போகும். கேஸ்கூட போடலாம்" என்றேன். பயமுறுத்த அல்ல, உண்மையைச் சொன்னேன்.

"போகட்டும். திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். முதல்ல அண்ணன்கிட்ட சொல்லணும். தனியாப் போக முடியலை. மூணு தடவை அவங்க தெரு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனோம். கதவைத் திறந்தவர் அண்ணன்தான். ஆறு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்று வரவேற்றுவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தார். இரண்டடி வந்து, திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "நான் பார்த்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்றார். கோபமே இல்லாத, பழகிப்போன குரல்.

அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். நலம் விசாரித்ததற்கு அவரே எல்லாம் சொன்னார். அண்ணன் இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். வீட்டில் அடுப்பைத் தொட விடுவதில்லை. "அன்னையில இருந்து மறதி ஜாஸ்திம்மா. தீக்குச்சி கிழிச்சுட்டு கிழிச்சேனான்னு கேக்கறார். மக வீட்டுல குழந்தை பிறந்து எட்டு மாசம். தூக்கணும்னு இவருக்கு ஆசை. மக பயப்படறா. பக்கத்துல ஆள் இல்லாம குழந்தையைக் கொடுக்கறதில்லை." அண்ணன் தலையாட்டினார். "அவ சொல்றது சரிதானேம்மா. என்னையே நான் நம்பறதில்லை. அழுத்தினேன்னுதான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பதிவு பொய் சொல்லுமா?" அந்த அம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நடைவண்டி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னாள். இரண்டு பெட்டி, ஒரே எண், நூறு சதவீதம், மாற்றி வைத்தது, விசாரணையில் சொன்ன பொய். எதையும் பூசி மெழுகவில்லை. "அண்ணே, நீங்க பட்டனை அழுத்தியிருந்தீங்க. நான்தான் அதை அழிச்சேன்."

அண்ணன் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தட்டும் என்றும் விரும்பினேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்து, மீதமிருந்த ஒரு விரலால் காற்றில் எதையோ ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"அப்போ சிவப்பு எழுத்து வந்துச்சு."

"வந்துச்சு அண்ணே. வந்திருக்கும்."

"நான் பார்த்தேன்ல?"

"பார்த்தீங்க அண்ணே."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏய், இங்க வா. சீக்கிரம் வா. இன்னொரு தடவை சொல்லும்மா, அவ கேக்கட்டும்."

அவள் மறுபடியும் சொன்னாள். அந்த அம்மாள் ஈரக் கையோடு கேட்டார். முடிந்ததும் அவர் நடைவண்டியைத் திட்டவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உன்னால அவருக்கு ரெண்டு விரல் போச்சு. அதுகூடப் போகட்டும். ஆறு வருஷமா ராத்திரி பகல் 'நான் அழுத்தினேன்டி'ன்னு என்கிட்ட சொன்னார். நான் சரி சரின்னு சொல்லிட்டு, அடுப்பைப் பூட்டினேன். என்னை இப்படி ஆக்கிட்டியேடி."

நடைவண்டி அந்த அம்மாள் காலில் விழப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார். மன்னிப்பு அந்த வீட்டில் அன்று கிடைக்கவில்லை. கிடைத்ததாக நான் எழுதினால் அது பொய். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நானும் அண்ணனைக் கேலி பேசியவள்தானே, எந்த முகத்தோடு சொல்வது?

அண்ணன் போனை எடுத்தார். விரல் குறைந்த கையில் அது நழுவியது, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். மகளை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, மேசை மேல் வைத்தார். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. "என்னப்பா, திடீர்னு?" என்றாள் மகள்.

"ஒருத்தங்க வந்திருக்காங்கம்மா. குழந்தையை வச்சுக்கிட்டே கேளு" என்றார். பிறகு நடைவண்டியைப் பார்த்தார். "முதல்ல இருந்து சொல்லும்மா. சாவகாசமா சொல்லு."

அவள் போனின் பக்கத்தில் குனிந்தாள். "நான்தாம்மா அழுத்தினேன்" என்று ஆரம்பித்தாள்.