பொந்துக்குள் கொட்டியது

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்குப் படிப்பும் கிடையாது, பொறுமையும் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். சாக்கடை அடைப்பு எடுத்தே தலை நரைத்தவன் நான். எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தாதவன். நானே ஓடி வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் கைக்குழந்தை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அடிமரத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. மீன் கழுவின தண்ணீர், குடல், சீப்பில் சிக்கின முடி... எல்லாவற்றையும் மகள் அதில்தான் கொட்டுவாள்.

"ஏன், குப்பைத்தொட்டிக்கு என்ன கேடு?"

"இது நிறையவே மாட்டேங்குதுப்பா. நாறவும் இல்ல. மரமே தின்னுக்கும்."

"மரம் என்ன உன் புருஷனா, போட்டதைத் தின்னுட்டுப் பேசாம இருக்க?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டினது எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? பொந்துக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. சளி மாதிரி வழவழப்பு. குடல் கொட்டின இடத்தில் ஒரு ஈ கூட இல்லை.

என் விரலை ஏதோ சப்பியது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அன்றைக்கே சிமெண்ட் குழைத்துப் பொந்தை அடைத்தேன். "இனிமே பட்டினி கிட" என்று காறித் துப்பினேன்.

மறுநாள் மத்தியானம். மகள் வாசல் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பேரன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சப்... சப்... சப்...

பால் குடிக்கிற சத்தம். தாய்தான் வாசலில் இருக்கிறாளே?

ஓடினேன். குழந்தை முழித்திருந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் கோழை. அழுகின மீன் நாற்றம்.

ஜன்னல் கம்பி வழியாக ஒரு கிளை உள்ளே வந்திருந்தது. நேற்று அங்கே கிளையே கிடையாது.

நுனியில் இலை இல்லை. பல்லில்லாத ஈறு மாதிரிச் சிவப்பு.

அது குழந்தையின் வயிற்றைக் கவ்வியிருந்தது.

பிய்த்தேன்.

ப்ளக்...

பேரனை வாரிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னப்பா ஆச்சு?"

"வாயை மூடிட்டு வாடி!"

அலசின துணி அப்படியே கிடந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவே இல்லை.

பிறகு அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மரத்தை வெட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யார் சொல்வதையும் நம்பாதவன் நான். வெட்டினவனையே தேடிப் போனேன்.

"பொந்தா? சிமெண்டா? வைரம் பாஞ்ச மரம் பெரியவரே. ஊசி நுழைய இடமில்ல."

என் வீட்டுக்குத் திரும்பி வந்து மகளைக் கேட்டேன்.

"அந்தப் பொந்துல முதல்ல என்னத்தைடி போட்டே?"

மடியில் கிடந்த குழந்தையின் தொப்புளைப் பார்த்தாள்.

"பொந்துல இல்லப்பா. குழந்தையோட தொப்புள்கொடி காஞ்சு விழுந்துச்சுல்ல... அதை மரத்தடியில வீசினேன். மறுநாள்தான் அங்க பொந்தே இருந்துச்சு."